நாற்பத்திரண்டு கதவுகள்

முதலில் கீரிப்பிள்ளைகள்தாம் வந்தன. ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை வெயில் தேரிமேட்டுச் செம்மணலைக் காய்ச்சத் தொடங்கியிருந்த நேரத்தில், தேவகனி முருங்கைக் கன்றுகளுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு கீரிகள் வேலிப் படலைக் கடந்து வந்து, கல்யாண வீட்டுக்கு முன்னதாகவே வந்துவிட்டவர்களைப் போலக் கொஞ்சம் கூச்சத்துடன் வாசலில் நின்றன. அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் முயல் இரண்டு, உடும்பு இரண்டு. மாலையில் நரி இரண்டு. மறுநாள் மயில்கள், மரநாய்கள், கீரிகளைப் பார்த்தும் பார்க்காததுபோல ஓரமாகச் சுருண்டுகொண்ட ஒரு ஜோடி நல்ல பாம்பு. வெள்ளிக்கிழமை மேற்கு மலையிலிருந்து நடந்தே வந்த, பாதம் வெடித்த இரண்டு கரடிகள். சனிக்கிழமை எந்த ஊர், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாத இரண்டு சிங்கங்கள். சிங்கங்கள் தேவகனியின் ஆடுகள் பயந்துவிடக் கூடாதே என்று தொழுவத்திலிருந்து சற்றுத் தள்ளியே படுத்துக்கொண்டன.

தயாபுரத்து ஜனங்கள் இதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. நாலு தலைமுறையாக வேதம் வாசிக்கிற ஊர் அது. ஓய்வுநாள் பள்ளியில் படம் பார்த்து வளராத ஆள் அங்கே கிடையாது. ஜோடி ஜோடியாக மிருகங்கள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெள்ளம் வரப்போகிறது. கர்த்தர் பூமியைத் துடைத்துக் கழுவப்போகிறார். ஒரே ஒரு வீட்டுக்காரரை மட்டும், பேழை என்ற மரக்கலம் கட்டி மிருகங்களோடு ஏறித் தப்பட்டும் என்று, நீதிமானாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஊருக்குத் தூக்கம் போனதெல்லாம், அந்த வீடு ஏன் தேவகனியின் வீடாக இருக்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தினால்தான்.

ஏனென்றால் அவளைச் சபையை விட்டுத் தள்ளிவைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தேவகனிக்கு ஒரே மகள், கெத்சியாள். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், இருபது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபைப் பெரியவர் ஆசீர்வாதத்தின் மூத்த மகன் தங்கதுரை பாட்டுப் புத்தகம் வைக்கிற அறையில் தன் கையைப் பிடித்து இழுத்தான் என்று சபைக் கமிட்டியின் முன் நின்று சொன்னாள். கமிட்டி தனியாகக் கூடிப் பேசியது. சொன்னது பொய் என்று சபை முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது என்றாள் அவள். தாயையும் மகளையும் ஊர் தள்ளிவைத்தது. பேச்சு கிடையாது, நெருப்பு கிடையாது, கோயில் விருந்தான அசனப் பந்தியில் இலை கிடையாது. மூன்றாம் மாதம் கெத்சியாளுக்கு மஞ்சள்காமாலை முற்றிக் கண் செருகியபோது, ஊரில் இருந்த ஒரே வேன் ஆசீர்வாதத்தின் வேன். உச்சி வெயிலில் தேவகனி முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு கதவு. உள்ளே அம்மி ஓடுகிற சத்தம் அவள் தட்டியதும் நின்றது, பிள்ளையின் அழுகையை யாரோ வாய் பொத்தி அடக்கினார்கள், ரேடியோவின் குரல் குறைந்தது. கடைசிக் கதவு ஆசீர்வாதத்தின் கதவு. அதன் தாழ்ப்பாள் உள்ளிருந்து ஒரு தடவை அசைந்ததை அவள் தன் காதால் கேட்டாள். பிறகு அதுவும் அசையவில்லை.

மகளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துச் சேலையால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்துப் போனாள். பாதி வழியில் முதுகில் இருந்த சூடு மாறியது. திரும்பி வந்தால் கோயில் மணி அடிக்கவில்லை, கல்லறைத் தோட்டத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று சொல்லியனுப்பினார்கள். தேரிக்காட்டில் ஓர் உடைமரத்தடியில் தானே குழி தோண்டித் தானே மண் தள்ளினாள்.

அன்றிலிருந்து அவள் ஒரே ஒரு ஜெபம்தான் செய்தாள். "பாத்துக்கிட்டுதான இருந்தீரு? சும்மா விடாதேயும்." காலையில் அது, சாயங்காலமும் அது. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. மழை கேட்கவில்லை, முருங்கைக்காய்க்கு நல்ல விலை கேட்கவில்லை, தன் இடுப்பு வலிக்கு மருந்துகூடக் கேட்கவில்லை. ஆகவே கீரிகள் வந்து நின்றபோது அவளுக்கும் ஆச்சரியம் இல்லை. கொஞ்சம் தாமதமாக வந்ததாகவே நினைத்தாள்.

ஊர் வந்தது. சிங்கங்கள் வந்த சனிக்கிழமை சாயங்காலமே வரத் தொடங்கிவிட்டது. முதலில் பெண்கள், கையில் தூக்குவாளியுடன். கரடிக்குத் தேன், முயலுக்குக் கீரை, அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு. இரண்டு வருஷமாக அவளைக் கண்டால் சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டவர்கள் இப்போது அவள் முற்றத்தைப் போட்டி போட்டுக்கொண்டு பெருக்கினார்கள். கமிட்டி அவசரமாகக் கூடி, தேவகனியைத் தள்ளிவைத்தது எழுத்துப் பிழை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. உபதேசியார் இஸ்ரவேல் அவள் வீட்டு வாசலில் நின்று, ஒரு பாம்புக்கும் மறு பாம்புக்கும் நடுவில் காலை வைத்துக்கொண்டு, ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார். மகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் பிறக்கவே இல்லாததுபோல அவ்வளவு நேர்த்தியாகப் பேச்சு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

கடைசியாக ஆசீர்வாதம் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, தொண்டையில் எப்போதும் பிரசங்கம்.

"தேவகனியம்மா, நடந்தது நடந்துபோச்சி. கர்த்தர் ஒன்னயத் தெரிஞ்செடுத்துக்கிட்டாரு. பேழை கட்டணும்லா? ஆம்பளையளு எல்லாரும் வேலைக்கு நிக்காவ. மரம்தான் எங்கன்னு தெரியல. இந்தத் தேரியில பனையத் தவிர என்ன இருக்கு?"

தேவகனி முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மரம் இருக்கு அண்ணாச்சி. நாப்பத்திரண்டு வீட்லயும் இருக்கு."

"என்னம்மா சொல்லுத?"

"கதவு. எல்லார் வீட்டுக் கதவும் கழட்டிக் கொண்டாங்க. அதுலதான் கட்டணும். உத்தரவு அப்படித்தான்."

உத்தரவு ஒன்றும் வரவில்லை. அது அவளாகச் சொன்னது. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் சிங்கங்கள் இரண்டும் எழுந்து நின்றன. பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? ஒரு வாரத்துக்குள் தயாபுரத்தில் கதவுள்ள வீடு ஒன்றுகூட இல்லை. பர்மா தேக்கு, கொழும்பிலிருந்து வந்த பலா, வேப்பமரம், தகரம் அடித்த ஒட்டுப்பலகை, சீதனமாக வந்த கதவு, சிலுவை செதுக்கிய கதவு, சமாதானம் உண்டாவதாக என்று எழுதிய கதவு, எல்லாம் அவள் முற்றத்தில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் அவள் விரல் கணுவால் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். தச்சர்கள் மரத்தின் தரம் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் அன்று தட்டிய கதவுகளின் குரல்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவில்லாத வீடுகளில் ஆடு புகுந்தது, நாய் புகுந்தது, எதிர்வீட்டுக்காரன் பார்வை புகுந்தது. புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் தெருவில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. ஊர் அதையும் பழகிக்கொண்டது. உயிருக்கு முன்னால் மானம் பெரிதா என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் தேரிமேட்டில், பனஞ்சட்டத்தில் கதவுகளை அறைந்து, தார் பூசி, வீடு மாதிரியும் இல்லாமல் படகு மாதிரியும் இல்லாமல் பேழை எழுந்து நின்றது. கீழ்த்தட்டு மிருகங்களுக்கு. மேல்தட்டு மனுஷருக்கு. உச்சியில், எட்டிப் பார்க்கத் தலை எட்டாத உயரத்தில், மழைக்கு மூடி போட்டு முழ அகலத்துக்கு ஒரு ஜன்னல். கீழே மூலையில் சாணியை வெளியே தள்ள ஒரு சின்னத் துவாரம், அதற்கு ஒரு மூடி. எல்லாம் முடிந்தபோது வாசலுக்குத்தான் கதவு மிஞ்சவில்லை.

"கல்லறைத் தோட்டத்துக் கதவு இருக்குல்லா," என்றாள் தேவகனி. "அதக் கொண்டாங்க."

ஆசீர்வாதத்தின் தாத்தா கப்பலில் இறக்கிய இரட்டைக் கதவு அது. யானை முட்டினாலும் அசையாது. எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். ஆசீர்வாதமே தன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். தயாபுரத்தார் புத்திசாலிகள், வழக்காடுவதில் கெட்டிக்காரர்கள், ஆனாலும் அந்தக் கதவை நிலையில் பொருத்தும்போது ஒரு சின்ன விஷயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் பூட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாதவர்கள் அல்லவா.

மழை ஐப்பசி பதினெட்டாம் தேதி காலை தொடங்கியது. முதல் இடியிலேயே மிருகங்கள் வரிசை கலையாமல் ஏறிவிட்டன. மனுஷர்கள்தாம் முட்டி மோதினார்கள். அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், கிழவிகள், தொட்டில், தையல் மெஷின், கமிட்டியின் இரும்புப் பெட்டி என்று நாற்பத்திரண்டு வீடும் உள்ளே போனது. ஆசீர்வாதத்தின் இளைய மருமகள் பியூலா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியில் ஏறினாள். கெத்சியாளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் அவள். ஏறும்போது தேவகனியின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் மாமனார் கனைத்தார்.

தேவகனி ஏறவில்லை. வெளியே நின்று மழையில் நனைந்தாள்.

அவளுக்கு அந்தப் பழைய கதையில் ஓர் இடம் மனப்பாடம். பேழைக்காரர் தன் கையால் கதவை அடைக்கவில்லை, கர்த்தர்தாம் அடைத்தார். ஏன் என்று ஓய்வுநாள் பள்ளியில் கெத்சியாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள்: வெளியே அழுகிறவர்களின் குரல் அடைத்தவன் காதைவிட்டு ஒருநாளும் போகாது, அதனால் அந்தப் பாரத்தை அவரே எடுத்துக்கொண்டார் என்று. தேவகனி அந்தக் கைக்காகக் காத்திருந்தாள். இவர்களை இழுத்து வெளியே போட்டு, என்னை உள்ளே தள்ளி, கதவை அடையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மழை கொட்டியது. கை வரவில்லை. ஒரு நாழிகை பார்த்தாள், இன்னொரு நாழிகை பார்த்தாள். சரி, இந்த முறை என்னிடம்தான் விட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வெள்ளத்தில் செத்துவிட்டால் ஒரே மூச்சில் முடிந்துபோகும், இவர்களுக்கு அது போதாது என்றும் அதே நொடியில் புரிந்தது.

இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்தாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். ஆசீர்வாதத்தின் சாவியால் ஆசீர்வாதத்தின் பூட்டைப் பூட்டினாள்.

உள்ளே ஒரு பெருமூச்சு எழுந்தது. "கர்த்தர் கதவ அடைச்சிட்டாரு," என்று உபதேசியார் நடுங்குகிற குரலில் சொன்னார். எல்லாரும் பாடத் தொடங்கினார்கள்.

மழை மூன்று நாள் பெய்தது. நல்ல மழைதான், குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது, தாழ்வான நாலு வீடுகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. நாலாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. தேரி மணல் குடித்த தண்ணீரை ஏப்பம்கூட விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று காலை தேவகனி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உடைமரத்தடிக்குப் போனாள். மகளின் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணலைத் தட்டி, தன் கல்யாணச் சேலையில் வைத்துக் கட்டினாள். அழுதாள். இரண்டு வருஷமாகக் கோபம் வந்து அடைத்துக்கொண்டிருந்த அழுகை, இப்போதுதான் வழி கிடைத்து வந்தது. மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவில்லாத வீடுகளின் நடுவே, முன்பு தட்டிக்கொண்டே வந்த அதே தெருவில் நடந்து, கதவில்லாத கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். முதல் வரிசையில் ஆசீர்வாதம் தனக்கென்று பளிங்குக்கல் கட்டித் தயாராக வைத்திருந்த இடம் காலியாக இருந்தது. கல்லில் அவர் பெயரிலிருந்து பிறந்த வருஷம் வரைக்கும் வெட்டியிருந்தார்கள். அதில் மகளை வைத்தாள். ஒரு பூவரசங்கம்பை ஊன்றினாள். பிறகு கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்து, மகளின் வயதுக்கு இருபது தடவை நிறுத்தி நிறுத்தி அடித்தாள்.

பேழைக்குள் எல்லாரும் மணியைக் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோபுரம் வரைக்கும் தண்ணி ஏறிட்டு," என்றார் ஆசீர்வாதம். "அலையடிச்சி மணி ஆடுது."

தேவகனிக்குத் தண்ணீர் சுமப்பது புதிதில்லை. தேரியில் முருங்கை வைத்தவள் வேறு என்ன செய்திருப்பாள்? குடம் குடமாகச் சுமந்தே தோள் காய்த்தவள். நாலாம் நாள் சாயங்காலம் ஏணியைப் பேழையில் சாய்த்து, குளத்துத் தண்ணீரைச் சுமந்து ஏறி, குடத்தின் வாயில் பனையின் வலைபோன்ற பன்னாடையைக் கட்டி, கூரைக் கதவுகளின்மேல் பொழபொழவென்று ஊற்றினாள். இளங்கன்றுக்கு ஊற்றுகிற அதே பதம். சன்னத் தூறலாகத் தொடங்கிப் பிறகு பன்னாடையை அவிழ்த்துவிட்டால் கனமழை. உள்ளே பாட்டு நின்றது. "இன்னும் விடலையே," என்று யாரோ முனகினார்கள். ஏணியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. அன்று மூன்று தோசை தின்றாள்.

மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும். காலையில் கன்றுகளுக்கு, சாயங்காலம் பேழைக்கு. தாழ்ப்பாளில் கை வைத்துப் பூட்டைச் சரிபார்ப்பாள், பிறகு பலகையில் காதை வைத்துக் கேட்பாள். அரிசி போதுமா என்ற சண்டை, என் கதவில் நீ ஏன் சாய்கிறாய் என்ற சண்டை, கரடி நாற்றம், பிள்ளைகளின் இருமல். மிருகங்களை நினைத்துத்தான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. துவாரத்தின் பக்கம் குனிந்து அவற்றிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாள். சிங்கம் ஒன்று பரவாயில்லை என்பதுபோல உறுமும்.

ஆனால் அவள் காதை வைத்தது அதற்காக இல்லை. ஒரு பெயருக்காக. கெத்சியாள் என்று ஒரே ஒரு வாய் சொல்லட்டும், நாங்கள் செய்தது அநியாயம் என்று ஒரே ஒரு ஆள் அழட்டும், அன்றைக்கே பூட்டைத் திறந்துவிடுகிறேன் என்று கர்த்தரிடம் கணக்காகச் சொல்லிவைத்திருந்தாள். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்களோ அவளைப் பற்றியே பேசினார்கள். எங்களை ஏற்றிவிட்டுத் தான் வெள்ளத்தோடு போய்விட்டாளே என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தேவகனி செய்த உபகாரங்கள் என்று நடக்காததெல்லாம் நடந்ததாகச் சொன்னார்கள். பத்தாம் நாள் ஆசீர்வாதம் அவளுக்காக நினைவு ஆராதனை நடத்தினார். நம் சகோதரி தன்னைப் பகைத்தவர்களையும் நேசித்தாள் என்று அவர் குரல் உடைந்து சொன்னபோது, கூரையின்மேல் உட்கார்ந்திருந்த நம் சகோதரி இரண்டு குடம் கூடுதலாக ஊற்றினாள்.

இருபதாம் நாள் ஜன்னல் வழியே ஒரு காக்கையை விட்டார்கள். அது வேலையற்ற காக்கை, குளத்துப் பக்கம் போய்த் திரும்பவேயில்லை. இருபத்தேழாம் நாள் ஒரு புறாவை விட்டார்கள். அது நேராக வந்து தேவகனியின் மடியில் உட்கார்ந்தது. அவள் அதற்குக் கம்பு போட்டாள், கழுத்தைத் தடவிக் கொடுத்தாள், குடத்தில் ஒரு முறை முக்கியெடுத்து, வெறும் அலகோடு ஜன்னலில் திரும்பவும் விட்டாள்.

"தண்ணி வடிஞ்சா புறா இலையோட வரும்லா, இலையக் காணுமே," என்று உள்ளே ஒரு கிழவி அழுதாள்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் உள்ளே குழந்தை பிறந்தது. அழுகை கேட்டதும் தேவகனியின் கை ஏணியில் நின்றுவிட்டது. பெண் குழந்தை என்றார்கள். பலகையில் காதை வைத்தாள். பியூலாவின் குரல், அசதியான குரல், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது.

"இவளுக்குக் கெத்சியாள்னு பேர் வைக்கணும் மாமா."

உள்ளே அம்மி நின்றதுபோல எல்லாம் நின்றது. நாற்பத்திரண்டு வீடும் வாயை மூடிக்கொண்டது. தேவகனிக்கு அந்த மௌனம் தெரியும்.

"என்னட்டி ஒளறுத?" ஆசீர்வாதம்.

"ஒளறல. அவ பொய் சொல்லல. பெரிய மச்சான் கையப் புடிச்சத நான் பாட்டுப் புத்தக அறை வாசல்ல நின்னு பாத்தேன். சொல்லாம இருந்தேன். அன்னைக்குத் தேவகனி அத்த கதவத் தட்டும்போது தாப்பாள்ல கைய வச்சதும் நான்தான். நீங்க வேண்டாம்னிய. நானும் கைய எடுத்துட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் இந்த மழ விடமாட்டேங்கு."

"பிள்ளை பெத்த மயக்கத்துல பேசுதா," என்றார் ஆசீர்வாதம், மற்றவர்களைப் பார்த்து. குரலில் பழைய பிரசங்கம் திரும்பியிருந்தது. "சபை விலக்கினவ பேர இந்தப் பேழைக்குள்ள எவரும் சொல்லக் கூடாது. நம்மக் காப்பாத்துன பரிசுத்தவாட்டி பேரு இருக்கு. பிள்ளைக்குத் தேவகனின்னு வைப்போம். எல்லாரும் ஆமென் சொல்லுங்க."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஒரு வாய் பாக்கியில்லாமல், நல்ல உரத்த ஆமென். தங்கதுரையின் ஆமென் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. வாயை அடக்கத் தெரியாத மருமகளைக் குளித்தெழுந்ததும் கீழ்த்தட்டுக்குச் சாணி அள்ள அனுப்ப வேண்டும் என்று கமிட்டி அங்கேயே தீர்மானித்தது.

தேவகனி ஏணியிலிருந்து இறங்கினாள். ஒரு வாய் சொல்லிவிட்டது. அவள் கர்த்தரிடம் கொடுத்த வார்த்தை இருந்தது. மற்ற வாய்களெல்லாம் சேர்ந்து அந்தப் பெயரை மறுபடியும் ஒரு தடவை புதைத்ததும் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பூட்டைத் திறந்தால் ஒருத்திக்காக எல்லாரும் வெளியே வருவார்கள். சிரித்துக்கொண்டு வருவார்கள், சாட்சி சொல்லிக்கொண்டு வருவார்கள், ஆசீர்வாதம் முதல் ஆளாக முழங்கால் போட்டுத் தரையை முத்தமிடுவார். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பூவரசங்கம்பில் அன்று ஒரு துளிர் விட்டிருந்தது. அதைக் கிள்ளவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

பத்து நாள் பொறுத்திருந்தாள். மூன்று நாளாகக் கீழ்த்தட்டில் கேட்ட துடைப்பச் சத்தத்தோடு, நாற்பத்தோராம் நாள் காலை ஒரு குழந்தையின் சிணுங்கலும் கேட்டது. சாணித் துவாரத்தின் மூடி திறந்து, ஒரு கூடைச் சாணி வெளியே விழுந்தது. காய்ந்த மணலில் தொப்பென்று விழுந்தது. தேவகனி குனிந்து உள்ளே கையை நீட்டினாள்.

"பியூலா. பிள்ளைய மொதல்ல குடு."

உள்ளே துடைப்பம் நின்றது. கத்தல் ஒன்றும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துணியில் சுற்றிய குழந்தை துவாரத்தின் வழியே வந்தது. அதன் பின்னால் தலையும் தோளுமாகப் பியூலா, சாணி அப்பிய முழங்கையை ஊன்றி, வெயிலில் கண் கூசி, மணலில் வந்து விழுந்தாள். தேவகனி மூடியைச் சாத்திக் கல்லை அணைத்தாள். அந்தப் பழைய பேழைக்கு நீதிமான்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. தயாபுரத்தில் அது மாறிப்போயிற்று. கர்த்தருக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. சிங்கங்கள் உறுமவும் இல்லை.

"பயந்துட்டியா பிள்ள? வெள்ளம்லாம் இல்ல. மூணு நாளோட மழ விட்டுட்டு."

"தெரியும் அத்த."

"எப்படித் தெரியும்?"

"சாணி அள்ள எறக்கிவிட்ட அன்னைக்கே தெரிஞ்சிட்டு. நாத்தத்துக்குப் பயந்து அதுவரைக்கும் மூடிய ஒருத்தரும் தொறக்கல. தண்ணியில விழுந்தா சளக்குன்னுல்லா கேக்கும். மூணு நாளா தொப்புன்னுதான் விழுது." முழங்கையைச் சேலையில் துடைத்தாள். "மேல போயி ஒருத்தர்ட்டயும் சொல்லல."

தேவகனி அவளைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அது வெயிலுக்கு மூக்கைச் சுளித்துத் தும்மியது.

"பேரு என்ன வச்சிருக்காவ?"

"அவிய வச்சது இருக்கட்டும். இவ கெத்சியாள்."

தேவகனி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெயரைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அதை இன்னொரு வாயிலிருந்து, வெளிச்சத்தில், நேருக்கு நேராக அவள் கேட்டது அதுதான் முதல்முறை. பியூலாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். பளிங்குக்கல்லில் ஆசீர்வாதத்தின் பெயரை உளியால் கொத்திவிட்டு எழுதியிருந்த பெயரைப் பியூலா விரலால் தடவினாள். பூவரசில் இப்போது நாலு இலை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தேவகனி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், குழந்தையை முருங்கை நிழலில் சேலையில் ஏணை கட்டிப் போட்டாள்.

சாயங்காலம் பேழைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. வெள்ளம் வடிந்ததும் முதல் வேலையாகப் பரிசுத்தவாட்டி தேவகனிக்குக் கோயில் வாசலில் ஒரு நினைவுக்கல் நாட்ட வேண்டும் என்று ஆசீர்வாதம் தீர்மானம் வாசித்தார். மருமகள் எங்கே என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. சாணி நாற்றத்தில் அந்தப் பக்கம் யார் போவார்கள்?

தேவகனி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். ஏணியில் கால் வைக்கப் போனவள் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பியூலா தொழுவத்தின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு குடத்தை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முடியாது பிள்ள. பச்ச ஒடம்பு."

"பாதிக் குடம் தூக்குவேன்," என்றாள் பியூலா. "அந்தப் பன்னாடையக் குடுங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மழை இன்றைக்கு முன்னெப்போதையும்விட இரண்டு மடங்காகக் கொட்டுகிறதே என்று பேழைக்குள் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.